மூணு சுழிக் கண்ணு

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பொற்கொடி நேராக வீட்டுக்குள் போக மாட்டாள். காலனி முனையில் பஞ்சாயத்தில் கட்டிவிட்ட தண்ணித் தொட்டி ஒன்று இருந்தது. அதன் பின்னால் போய் நின்றுகொள்வாள். பையை இறக்கி இரண்டு கால்களுக்கும் நடுவில் வைத்து, கசிந்து பாசி படிந்த தொட்டிச் சுவரில் முகத்தை ஒட்டி, ஒரு பக்கமாக மட்டும் எட்டித் தன் வீட்டு வாசலைப் பார்ப்பாள். அவள் பார்ப்பது அங்கே கிடக்கும் செருப்புகளை.

அம்மாவின் நீல ரப்பர் செருப்பு, வார் அறுந்த இடத்தில் ஊக்குப் போட்டது, கிடந்தால் அம்மா தோட்டத்திலிருந்து வந்துவிட்டாள் என்று அர்த்தம். அதற்குப் பக்கத்தில் அப்பாவின் இடது கால் செருப்பு ஒற்றையாகக் கிடக்கும். வலது கால் செருப்பு ஐப்பசி மாதத்திலிருந்து கூரை ஓட்டுக்கு அடியில் செருகி வைத்தபடி இருந்தது. இந்த மூன்றும் இருக்கிற இடத்தில் இருந்து, வேறு எதுவும் இல்லையென்றால் அவளுக்கு மூச்சு வரும். தொட்டிக் குழாயில் முகம் கழுவிக்கொண்டு ஓடுவாள். வேறு ஒரு ஜோடி கிடந்தால் முன்வாசல் பக்கம் போகவே மாட்டாள். வேலியின் சந்தில் நுழைந்து பின்பக்கம் மாட்டுக் கொட்டாய்க்குப் போய்விடுவாள்.

செருப்பைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள். அதில் ஒன்றே ஒன்றுதான் அவளை நடுங்க வைத்தது. அது பங்காருவின் தோல் செருப்பு. நுனி வளைந்து, பித்தளை ஆணிகள் மினுங்க, எப்போதும் ரோட்டைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருக்கும். உள்ளே போகும்போதே, கிளம்புவதற்குத் தயாராக விட்டுவிட்டுப் போகிற மனுசன் அவன்.

காரமடைக்கு இந்தப் பக்கம், கறிவேப்பிலைத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது அந்தக் காலனி. பொற்கொடியின் அப்பா வேலுமணி கிணறு வெட்டுகிறவர். தொண்ணூற்று இரண்டாம் வருசம் ஐப்பசியில், எண்பதடி ஆழத்தில் நின்று கல் அள்ளிக்கொண்டிருந்தபோது மேலே கிரேன் கயிறு அறுந்துவிட்டது. கல்லோடு வந்த வாளி அவர் வலது காலின் மேல் இறங்கியது. கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்தார். காலுக்குள் கம்பி வைத்து அனுப்பினார்கள். அன்றிலிருந்து அவருக்குக் கட்டிலும் சுவரும்தான் துணை. அம்மா பாவாத்தாள் விடியக்காலையில் எழுந்து, பாலுசாமி பண்ணாடி தோட்டத்தில் கறிவேப்பிலை ஒடிக்கப் போவாள். பண்ணாடி என்றால் அந்தப் பக்கத்தில் தோட்டத்துக்காரர். அவள் வீட்டுக்குள் வந்தால் கறிவேப்பிலை வாசம் முதலில் வரும், அவள் பின்னால் வருவாள். வாசம் மட்டும் நிறைய இருந்தது. தாளிக்க எண்ணெய்தான் இருக்காது.

வீட்டுக்கு ஆஸ்தி என்று ஒன்றே ஒன்று இருந்தது. பண்ணாடி வீட்டு மாட்டை வாரத்துக்கு வாங்கி வளர்த்தார்கள். வளர்க்கிற பாடு இவர்களுடையது. ஈனுகிற முதல் கன்று பண்ணாடிக்கு, இரண்டாவது இவர்களுக்கு என்பது பேச்சு. இரண்டாவது கன்று செவலை நிறத்தில், நெற்றியில் சுண்டு விரல் அளவுக்கு வெள்ளையோடு, பெண் கன்றாகவே பிறந்தது. அது பிறந்த அன்று வேலுமணி வாய்விட்டுச் சொன்னார்:

"இன்னும் ரெண்டு வருசம் பாவாத்தா. இது பால் மாடாயிருச்சுன்னா நான் கெணத்துக்குள்ள எறங்கறதெ உட்டுப்போடறேன்."

கயிறு அறுந்ததற்கு எட்டு மாசம் முந்தி அவர் சொன்னது அது.

அந்தக் கன்றுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. எல்லோருக்கும் அது கன்னு. பொற்கொடிக்குப் பெயர் இருந்தும் அம்மா, அப்பா வாயில் அவள் கண்ணு. அதனால் வீட்டில் ஒரு கூத்து நடக்கும். அம்மா அடுப்படியிலிருந்து "கண்ணு, இங்க வா" என்பாள். பொற்கொடியும் போவாள், கொட்டாயிலிருந்து கயிற்றை இழுத்துக்கொண்டு கன்றும் கத்தும்.

"உன்னைய இல்ல, அவளெ," என்று கன்றைப் பார்த்துச் சொல்வாள் அம்மா. "நீ அப்பறம் வா."

எழுதினால்தான் வேறு. அந்த வீட்டுப் பேச்சில் இரண்டும் ஒரே சத்தம்தான். பள்ளிக்கூடத்தில் ஜெரால்டு சார் சொல்வதெழுதுதல் வைத்தால் பொற்கொடி அடி வாங்குவது அங்கேதான். மூன்று சுழி வரவேண்டிய இடத்தில் இரண்டு சுழி போட்டிருப்பாள், இரண்டு வரவேண்டிய இடத்தில் மூன்று. "உனக்குக் காது இருக்குதா, இல்லை கூடை மாட்டற கொக்கியா?" என்று சார் கேட்பார். வகுப்பே சிரிக்கும். வாயில் இல்லாத வித்தியாசத்தைக் கையில் எங்கிருந்து கொண்டுவருவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்த வகுப்பில் அவளுக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. அடுத்த வீட்டுக் கனகத்தின் மகள் அன்புச்செல்வி உட்கார்ந்த இடம் அது. பொங்கல் முடிந்த வாரத்தில் பங்காரு அவளைத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கூட்டிப் போய்விட்டான். அவனுக்கு அதுதான் தொழில். ஊர் ஊராகப் போய், கஷ்டப்படுகிற வீடாகப் பார்த்து, பிள்ளைகளை வேனில் ஏற்றிக் கொண்டுபோய்க் கம்பெனியில் விடுவது. பெற்றவர்கள் கையில் முன்பணம் கொடுப்பான். பிள்ளைகள் அங்கேயே தங்கிக்கொள்ளும்.

மாசித் தேருக்கு அன்புச்செல்வி ஒருநாள் லீவில் வந்தாள். புதுப் பாவாடை, தலையில் கனகாம்பரம். பொற்கொடிக்கு முதலில் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. கொட்டாய் நிழலில் உட்கார்ந்து இரண்டு பேரும் கல்லாங்காய் ஆடினார்கள்.

"அங்க என்னடி வேலெ?"

"பிசிறு வெட்டறது. பனியன்ல நூலு நீட்டிக்கிட்டு இருக்குமில்ல, அதெக் கத்திரியில வெட்டோணும். அப்பறம் கை மடிக்கறது."

"யாரு கையெ?"

"பனியன் கையடி, லூசு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அன்புச்செல்வி கல்லை மேலே வீசிப் பிடித்தபோதுதான் பொற்கொடி அவள் விரல்களைப் பார்த்தாள். கட்டை விரலிலும் நடு விரலிலும் கத்திரி வளையம் உட்கார்ந்த இடம் கறுத்துத் தடித்துப் போயிருந்தது, யாரோ சூடு வைத்த மாதிரி.

"எப்பத் தூங்குவே?"

"நின்னுக்கிட்டே தூங்கலாம். மேஸ்திரி வந்தா பக்கத்துப் புள்ளெ இடிச்சு உடும். நீ வந்தீன்னா நானே இடிச்சு உடறேன்."

"நான் எதுக்கு வாரேன்?"

"பங்காரண்ணன் சொன்னாப்ல. அடுத்தது நீதான்னு."

இதைச் சொல்லிவிட்டு நாலாவது கல்லை வீசினாள். அது கீழே விழுந்தது. பொற்கொடி நிமிர்ந்து பார்த்தபோது அன்புச்செல்வி உட்கார்ந்தபடியே, கை நீட்டியது நீட்டியபடியே தூங்கிப் போயிருந்தாள். நடுப்பகல். தேருக்கு அடிக்கிற மேளம் தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. பொற்கொடி அவளை இடித்து எழுப்பவில்லை. மெதுவாக எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில் இருந்தால் அந்தத் தூக்கம் தன்மேலும் ஒட்டிக்கொள்ளும் என்று தோன்றியது.

அன்றைக்குத்தான் தொட்டிக்குப் பின்னால் நிற்கிற பழக்கம் தொடங்கியது.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை. அரைநாள் பள்ளிக்கூடம். மத்தியான வெயிலில் தொட்டிக்குப் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தாள். நீல ரப்பர் செருப்பு கிடந்தது. ஒற்றைச் செருப்பு கிடந்தது. நடுவில், ரோட்டைப் பார்த்தபடி, பித்தளை ஆணி மினுங்க, அந்தத் தோல் செருப்பும் கிடந்தது.

வேலிச் சந்தில் நுழையும்போது பாவாடை கிழிந்தது. அதைக்கூட அவள் பார்க்கவில்லை. கொட்டாய்க்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு மண் சுவர். கன்றுக்குப் பக்கத்தில் குத்தவைத்துச் சுவரில் காதை வைத்தாள். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. தறிச் சத்தத்துக்கு நடுவில் பேச்சு துண்டு துண்டாக வந்தது.

"நானென்னங்க, புடுங்கிட்டா போகப்போறேன்?" பங்காருவின் குரல். அவன் ஒருநாளும் அதட்டிப் பேச மாட்டான். எதற்கெடுத்தாலும் ஒரு 'ங்க' சேர்த்துக்கொள்வான். மற்றவர்கள் வாயில் மரியாதையாக இருக்கிற அந்த 'ங்க', அவன் வாயில் வந்தால் பொற்கொடிக்குக் கயிற்றுச் சுருக்கு மாதிரி இருக்கும். "திங்கக்கெழம காலையில வண்டி இட்டேரி முக்குல நிக்குமுங்க. இஷ்டமிருந்தா அனுப்புங்க. கனகத்தக்கா புள்ளெய பாத்தீங்கல்ல, தேருக்கு வந்தப்ப? பாவாடையென்ன, பூவென்ன. மூணு வேளெச் சோறுங்க."

"படிக்குதுங்க," என்றார் அப்பா.

"படிக்கட்டுமுங்க. யாரு வேண்டாங்கறா? அங்கயே பக்கத்துல பள்ளிக்கொடமெல்லாம் இருக்குதுங்க. உங்க காலு சரியாகி நீங்க எந்திரிச்சு நடந்தா, அடுத்த நாளே கூட்டியாந்து உட்டுப்போடறேன். அம்மிணி, நீங்க ஒண்ணும் பேசலயே?"

கொஞ்ச நேரத்தில் டிவிஎஸ் வண்டி உதைபட்டுக் கிளம்புகிற சத்தம் வந்தது.

அப்புறம் வெகுநேரம் தறி மட்டும் ஓடியது. பொற்கொடி எழுந்து போய்விடலாம் என்று நினைத்தபோது அப்பாவின் குரல் கேட்டது. கட்டிலுக்கு அடியில் எதையோ தேடுகிறவர் மாதிரி, தணிந்த குரல்.

"பாவாத்தா... வேற வழி தெரியல எனக்கு. கண்ணெக் குடுத்துப்போடலாம்."

பொற்கொடி மூச்சைப் பிடித்தாள். அம்மா கத்துவாள் என்று காத்திருந்தாள். பாத்திரத்தைத் தூக்கி எறிவாள், மூஞ்சியைப் பார்த்துக் கேட்பாள், அழவாவது செய்வாள். அம்மா ஏதோ சொன்னாள். அதன் முன்பாதி தறியோடு போய்விட்டது. கடைசி மட்டும் சுவரைத் தாண்டி வந்தது.

"...செரி. குடுத்துப்போடலாம்."

கன்று அவள் தோளை நக்கியது. அவள் அதைத் தள்ளிவிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து திங்கட்கிழமை வரைக்கும் எத்தனை நேரம் என்று அவள் விரல் விட்டுப் பார்க்கவில்லை. யாரிடமும் எதையும் கேட்கவும் இல்லை. கேட்டால் அம்மா "ஆமா" என்று சொல்லிவிடுவாள். சொன்ன பிறகு அது நடந்தே தீரும். கேட்காத வரைக்கும் அது அந்தச் சுவருக்கு அந்தப் பக்கமே இருக்கும் என்று நினைத்தாள். அதனால் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பார்த்ததெல்லாம் பயமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா அவளை உட்காரவைத்துத் தலைக்கு எண்ணெய் வைத்தாள். வாரம் ஒருதரம் வைக்கிற எண்ணெய்தான். ஆனால் அன்றைக்கு அவள் விரல்கள் வழக்கத்தைவிட மெதுவாக ஓடின. பேன் சீப்பால் வாரி, இறுக்கி இரட்டைச் சடை போட்டாள். ஊருக்கு அனுப்புகிற பிள்ளைக்குத்தானே இப்படி இறுக்கிப் பின்னுவார்கள்? மத்தியானம் சோற்றோடு ஒரு முட்டை வந்தது. முட்டை எங்கிருந்து வந்தது, எதற்கு வந்தது என்று யாரும் சொல்லவில்லை.

பொற்கொடி முந்தின நாளே ஒரு கணக்குப் போட்டிருந்தாள். பிள்ளைக்குச் சோறு போட முடியாமல்தான் கொடுக்கிறார்கள் என்றால், சோறே தின்னாத பிள்ளையை ஏன் கொடுக்கவேண்டும்? முட்டையை அப்பா தட்டுக்குத் தள்ளிவிட்டாள்.

"எனக்குப் பசிக்கல."

"நேத்தும் இதையேதான் சொன்னே," என்று அம்மா அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "காச்சலுமில்ல. என்னடி ஆச்சு உனக்கு?"

"பசிக்கவே மாட்டீங்குது எனக்கு. இனிமேலும் பசிக்காது."

அப்பா அந்த முட்டையைத் தொடவில்லை. சாப்பாடு முடிந்ததும், "கண்ணு, இக்கட்ட வா," என்று கூப்பிட்டார். கட்டிலோரம் போய் நின்றாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் வலது கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். கல் உடைத்துக் காய்த்த கை அவருடையது. அவள் விரல்களை ஒவ்வொன்றாக நீவினார். கட்டை விரலில் கொஞ்ச நேரம் நின்றார்.

"பள்ளிக்கொடத்துல என்ன சொல்லித் தாராங்க?"

"மூணு சுழி, ரெண்டு சுழி."

"வருதா உனக்கு?"

"வரலைங்கப்பா. வந்துரும். சத்தியமா வந்துரும்."

அவர் கையை விட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சாயங்காலம் அம்மா எங்கோ போய்விட்டு வந்தாள். யாரைப் பார்க்கப் போனாள் என்று சொல்லவில்லை. வந்ததும் நேராகக் கொட்டாய்க்குப் போனாள். வெகுநேரம் வரவில்லை என்று பொற்கொடி எட்டிப் பார்த்தாள். அம்மா கன்றின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றிருந்தாள். தோள் குலுங்கியது. எனக்காக அழுகிறாள் என்று பொற்கொடிக்குத் தெரிந்துபோயிற்று. என்னிடம் வந்து அழ முடியாமல் கன்றிடம் போய் அழுகிறாள்.

திங்கட்கிழமை வெளுக்கும்போதே பொற்கொடி வீட்டைவிட்டுப் போய்விட்டாள். சொம்பை எடுத்துக்கொண்டு வெளிக்குப் போகிற மாதிரி போனாள். சொம்பை வேலியோரம் வைத்துவிட்டு, இட்டேரியைக் குறுக்கே தாண்டி, பண்ணாடியின் கறிவேப்பிலைத் தோட்டத்துக்குள் நுழைந்தாள். இரண்டு பக்கமும் கள்ளி வேலி போட்ட ஒற்றைத் தடம்தான் இட்டேரி. தோட்டத்து ஓரத்தில் உட்கார்ந்தால் அதில் வருகிற போகிற ஆளெல்லாம் தெரியும். செடிகள் அவள் தலைக்கு மேல் ஒரு முழம் நின்றன. இலையில் இருந்த பனி முதுகில் சொட்டியது. மூச்சு விட்டால் அம்மா வாசம் அடித்தது. அது ஒன்றுதான் அவளுக்கு அழுகையைக் கொண்டுவந்தது.

வெயில் ஏறுவதற்கு முன்னாலேயே வேன் வந்தது. நீல நிற வேன். இட்டேரி முக்கில் நின்று இரண்டு தரம் ஹாரன் அடித்தது. பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேர் கையில் மஞ்சள் பையோடு ஏறினார்கள். அதில் சின்னதாக இருந்தது ஏறும்போது படியில் வழுக்கியது. உள்ளேயிருந்து ஒரு கை வந்து அதைத் தூக்கிக்கொண்டது. பங்காரு கீழே நின்று காலனிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். கைக் கடிகாரத்தைப் பார்த்தான். மறுபடியும் ஹாரன். அந்தச் சத்தம் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது அவளுக்கு. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மூச்சு விடுகிற சத்தம் ரோட்டுக்குக் கேட்டுவிடும் என்று பயம்.

வேன் போய்விட்டது. ஆனாலும் நிம்மதி வரவில்லை. வேன் போனால் என்ன, பஸ் இருக்கிறது. காந்திபுரம் போய் அங்கிருந்து திருப்பூர் பஸ் ஏற்றிவிட மாட்டார்களா?

அவள் நினைத்தது போலவே ஆயிற்று. இட்டேரியில் அம்மா வந்தாள். கூடவே ஒரு ஆள் வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் சிவப்புத் துண்டு, பெரிய மீசை. அம்மாவின் கையில் எப்போதும் போலக் கன்றின் கயிறு இருந்தது. வேலைக்கு வரும்போது கன்றை ஓட்டிவந்து வரப்பில் கட்டுவது வழக்கம் என்பதால் அதில் பொற்கொடிக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவள் கண் அந்த மீசையிலேயே இருந்தது. பங்காரு அனுப்பிய ஆள். தேடிப் பிடிக்க வந்திருக்கிற ஆள்.

இரண்டு பேரும் அவளுக்குப் பத்தடி தூரத்தில் நின்றார்கள். அந்த ஆள் துண்டை எடுத்துத் தன் வலது கையின் மேல் போர்த்திக்கொண்டார்.

"பொம்பளெ கையெல்லாம் நான் புடிச்சதில்லீங்க அம்மிணி," என்று சங்கடமாகச் சிரித்தார். "வேலுமணி நடமாட முடியாமப் போனதால வந்து நிக்கறீங்க. வெலையெ வாயிலயே சொல்லிப்போடுங்க."

"வாயில சொல்லோணும்னா என்ற வாய் சொல்லாதுங்க, சுப்பண்ணா," என்றாள் அம்மா. "கையே சொல்லட்டும்."

சொல்லிவிட்டு, துண்டுக்குள் கையை விட்டாள்.

துண்டுக்கு அடியில் விரல்கள் அசைவது தெரிந்தது. அவர் ஒரு விரலைப் பிடித்தார். அம்மா இல்லை என்று தலையாட்டினாள். அவர் வேறு விரலைப் பிடித்தார். அம்மா மறுபடியும் தலையாட்டினாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. தூரத்தில் இலை ஒடித்துக்கொண்டிருந்த பெண்கள் கை நிறுத்திப் பார்த்தார்கள். தனக்குத்தான் விலை பேசுகிறார்கள் என்று பொற்கொடிக்குத் தெரிந்தது. ஓடவேண்டும் என்று நினைத்தாள். செடி அசைந்தால் தெரிந்துவிடுமே என்று உட்கார்ந்தே இருந்தாள்.

அந்த நேரத்தில்தான் கன்று மூக்கை விடைத்து மோந்து பார்த்தது. அம்மாவின் கை துண்டுக்குள் இருந்ததால் கயிறு தளர்ந்திருந்தது. அது நேராகச் செடிகளை விலக்கிக்கொண்டு வந்து, பொற்கொடியின் மடியில் தலையை வைத்தது.

"அட, உங்க கன்னு எங்கயோ போகுதுங்க," என்றார் சுப்பண்ணன்.

கயிற்றைப் பிடித்தபடி வந்த அம்மா, செடிகளுக்கு நடுவில் இரட்டைச் சடையோடு உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"நீ பள்ளிக்கொடம் போகாம இங்க என்னடி பண்றே?"

பொற்கொடி கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"என்னையக் குடுத்துப்போடாதேம்மா. நான் சோறே திங்க மாட்டேன்."

"என்ன சொல்றே நீ?"

"சனிக்கெழம நாங் கேட்டேன். கொட்டாயில இருந்து. அப்பா சொல்லுச்சு, கண்ணெக் குடுத்துப்போடலாம்னு. நீயும் செரின்னே. இந்த ஆளுகிட்ட வெல பேசறே."

அம்மா அவளையே பார்த்தாள். அந்த முகத்தில் என்னென்னவோ வந்து போயிற்று. பிறகு அம்மா சிரிக்கத் தொடங்கினாள். நிற்க முடியாமல் வரப்பிலேயே உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அடி கிறுக்கு. கன்னெச் சொன்னதுடி. இந்தா நிக்குதே, இந்தக் கன்னெ. சுப்பண்ணன் மாட்டு யாவாரி. உன்னைய வாங்கி இவிய என்ன, பாலா கறக்கப்போறாங்க?"

சுப்பண்ணனும் மீசைக்குள் சிரித்தார். "எனக்கு வேண்டாஞ் சாமி. இது என்னைய முட்டிப்போடும்."

இரண்டு சுழி. பொற்கொடிக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு சுழிக் கன்னு. அவளும் சிரித்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து விக்கல் எடுத்தது.

அம்மா எழுந்து கன்றின் கழுத்திலிருந்த பழைய கயிற்றை அவிழ்த்தாள். விற்கிறவர்கள் கயிற்றோடு கொடுக்க மாட்டார்கள். சுப்பண்ணன் தான் கொண்டுவந்த புதுக் கயிற்றைக் கட்டினார். பழையதை அம்மா தன் கையிலேயே சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டாள். கன்று இட்டேரியில் போகும்போது இரண்டு தரம் திரும்பிப் பார்த்துக் கத்தியது. அது போவதைப் பார்த்துப் பொற்கொடி அழுதாள். அந்த அழுகைக்கும் அடியில், யாரிடமும் சொல்ல முடியாத ஒரு சந்தோசம் இருந்தது. போவது நான் இல்லை என்ற சந்தோசம். அந்தச் சந்தோசத்துக்காக அவள் பல வருசம் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

பங்காரு அதற்குப் பிறகும் இரண்டு தரம் வந்தான். வாசலில் அந்தத் தோல் செருப்பு கிடப்பதைப் பார்த்தால் அவள் மறுபடியும் வேலிச் சந்தில்தான் நுழைவாள். ஆனால் சித்திரையில் அப்பா கோல் ஊன்றி எழுந்து நின்றார். ஆடியில் ஒரு தறிப் பட்டறையில் உட்கார்ந்து செய்கிற வேலை கிடைத்தது. கிணற்றில் மறுபடி இறங்கவில்லை. பால் மாடும் வரவில்லை. பண்ணாடியின் மாடு பண்ணாடிக்கே போயிற்று. அன்புச்செல்வி திரும்பி வந்து பள்ளிக்கூடத்தில் உட்காரவே இல்லை. பொற்கொடி படித்தாள். தட்டித் தடுமாறிப் பன்னிரண்டு வரைக்கும் படித்து, தபால் ஆபீஸ் வேலைக்குப் போய், சிங்காநல்லூர்ப் பக்கம் குடியேறினாள்.

கன்னுக் கதை குடும்பத்தில் பேர்போன கதையாகிவிட்டது. சொந்தபந்தம், ஒறம்பரை கூடினால் யாராவது எடுத்துவிடுவார்கள். அவள் கல்யாணத்தில் மாப்பிள்ளையிடம் கனகம் சொன்னாள்: "பாத்து நடந்துக்கங்க தம்பி. சோறு திங்காமயே இருந்துக்குவா. ஆனா வெலயெ மட்டும் துண்டு போட்டுப் பேசோணும்." பந்தலே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். அப்பா மட்டும் அந்தக் கதை தொடங்கினால் மெல்லக் கோலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். கன்றை விற்ற வருத்தம் அவருக்கு இன்னும் ஆறவில்லை என்று பொற்கொடி நினைத்துக்கொள்வாள்.

அப்பா போய்ச் சேர்ந்து, கருமாதி முடிந்த பிறகு அம்மா சிங்காநல்லூருக்கு வந்து இருந்தாள். வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தவளைப் பேசவைக்க வேண்டும் என்று ஒருநாள் மத்தியானம் பொற்கொடியாகவே அந்தக் கதையை ஆரம்பித்தாள். கொட்டாய், தறிச் சத்தம், சுவரில் வைத்த காது, சுழி தெரியாத முட்டாள் பிள்ளை என்று தன்னைத்தானே கிண்டல் செய்துகொண்டு சொன்னாள். அம்மா சிரிக்கவில்லை. காயப்போட்டிருந்த மிளகாயை விரலால் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டிருந்தாள்.

"அவிய இருக்கறவரைக்கும் சொல்லக்கூடாதுன்னு இருந்தேன்," என்றாள். "நீ தப்பாக் கேக்கல கண்ணு. அன்னிக்கு உங்கப்பன் சொன்னது உன்னையத்தான். எனக்கும் நல்லாவே கேட்டுச்சு. 'செவலக் கன்னையா? செரி, குடுத்துப்போடலாம்'னு நாந்தான் மாத்திப் புடிச்சுக்கிட்டேன். அதுக்கு மேல அவிய ஒண்ணுமே பேசல."